குறிப்பு என்ற கடைசிக் கட்டம்

எண்ணூர் முகத்துவாரத்தில் விடியற்காலை
எத்திராஜுலு அரித்துக் கொடுத்த பொடி இறால்
பால் கவரில் வருகிறது. குண்டூசி நீளம்தான்.
"இன்னாக்கா, முட்ட எண்றதுக்கா உனுக்கு சம்பளம் குடுக்குறான்?"
ஆமாம். மாதம் பதினோராயிரம்.
மாடியறை, ஒரு மைக்ரோஸ்கோப்,
கட்டைவிரலால் அழுத்துகிற டக்டக் கருவி,
பஸ்ஸில் ஆள் எண்ண வாங்கியதாம்.

கொல்லாமல் எண்ண வேண்டும் என்பது நிபந்தனை.
அவள் அசைவாள். நான் காத்திருப்பேன்.
கீழே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
தட்டு நடுங்கி நூற்றுப் பதினேழாவது முட்டை
எது என்று தெரியாமல் போகும்.
மறுபடி ஒன்று.

சினை இவளுக்கு வயிற்றுக்குள் இல்லை,
வயிற்றுக்கு வெளியே.
நீந்துகிற கால்களில் ஒட்டிவைத்துச் சுமக்கிறாள்,
அதே கால்களால் நாள் முழுக்க விசிறுகிறாள்,
விசிறாவிட்டால் அவற்றுக்கு மூச்சில்லை.
கெட்டதைக் கொடுக்கால் கிள்ளி எடுக்கிறாள்.
சிலசமயம் தின்றும் விடுகிறாள்.
அதை நான் எழுதுவதில்லை, அதற்குக் கட்டம் இல்லை.

முதலில் பச்சை, மஞ்சள்கரு மட்டும்.
பிறகு ஒரு பக்கம் வெளுக்கிறது.
பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி:
கண்கள்.
அன்றிலிருந்து
யார் யாரை எண்ணுகிறோம் என்று சொல்ல முடியாது.

அனல்மின் நிலையத்து வெந்நீர் வாய்க்கால் பக்கம் பிடித்தவற்றுக்கு
நாலு நாள் முந்தியே கண் வருகிறது.
ஆனால் ஆள் சிறுத்து.
இது நல்லதா கெட்டதா என்று கேட்டேன்.
"வேறுபாடு, சகாயராணி.
வேறுபாடு என்று மட்டும் எழுதுங்கள்" என்றார் மேடம்.

செவ்வாய்க்கிழமை, அறிக்கைக்குக் கடைசி நாள்.
இரவு ஏழே முக்காலுக்கும் உட்கார்ந்திருந்தேன்.
பதினாறாம் எண் தாய்.
அறுபத்திரண்டில் கரண்ட் போனது.
ஜன்னலில் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு மட்டும்
நின்று நின்று எரிந்தது, அதற்கு உண்டு.

செல்போன் டார்ச்சைத் தட்டின் ஓரம் வைத்தேன்.
முதலில் தூசி என்றுதான் நினைத்தேன்.
தூசி வெளிச்சத்தைத் தேடி வராது.
அவள் வயிற்றை உதறினாள், ஒருதரம், இன்னொருதரம்.
இங்கே கொடியில் காய்ந்த துணியை உதறினால்
சாம்பல் பறக்குமே, அப்படி.
தலைகீழாக, வால் முன்னே போக,
பிறந்த நிமிடமே பின்பக்கமாக நீந்தி
டார்ச் முனையில் வந்து குவிந்தார்கள்.
நகர்த்தினேன். கூடவே நகர்ந்தார்கள்.
சார்ஜ் மூன்று சதவீதம் ஆகும்வரை
இதையே செய்துகொண்டிருந்தேன்,
முப்பத்தொன்பது வயதில்.

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
எண்ணிக்கை அறுபத்திரண்டோடு நின்றது.
காரணம், பிறந்துவிட்டன.
மேடம் அதை அடித்து
"மாதிரி நிராகரிக்கப்பட்டது" என்று எழுதினார்.
கோபமெல்லாம் இல்லை. கட்டம் சின்னது.

நிராகரித்தவளைப் பீக்கரில் விட்டிருந்தேன்.
காலையில் பார்த்தால் அதில் இரண்டு பேர்.
ஒன்றில் ஆள் இல்லை, மீசை நுனிவரை,
கண்ணின் மேல்தோல் வரை, வெறும் கண்ணாடி.
மற்றது மூலையில், மெத்தென்று,
தொட்டால் பிய்ந்துவிடும்போல.
தலைக்குப் பின்னால், ஓட்டுக்கு உள்ளே
அடுத்த சினை பச்சையாகத் திரண்டிருந்தது.
முந்தினவர்கள் போய்ப்
பன்னிரண்டு மணி நேரம் ஆகவில்லை.

ஜாடி கழுவும்போது அவள் தண்ணீர் ஒரு கரண்டி
பக்கத்து ஜாடியில் சிந்திவிட்டது.
அங்கே ஆறு நாளாய்ச் சும்மா கிடந்த ஆண்,
அவளில் பாதிதான் இருப்பான்,
மீசையைத் தூக்கினான்.
ஒரு சுற்று சுற்றினான்.
திரும்பவும் சுற்றினான், சுவர் முழுக்கத் தடவியபடி.

மேடம் வர இன்னும் நாற்பது நிமிடம்.
ஆணும் பெண்ணும் ஒரே ஜாடியில் கூடாது என்று
சுவரில் ஒட்டியிருக்கிறது,
என் கையெழுத்தில்.

கீழே லாரி போனது.
இரண்டு ஜாடியும் நகர்ந்து
ஒன்றையொன்று தட்டிக்கொண்டன.